குதிக்கால் தடம்

இன்சாப்பைப் பயந்தவன் என்று சொல்வது அவனுக்குச் செய்யும் அநியாயம். மற்றவர்கள் பயத்தைக் கடைசி நிமிடம் வரைக்கும் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு மொத்தமாகப் பட்டு அவதிப்படுவார்கள். இன்சாப் அந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவான். அன்றைக்கும் பாப்பாமோட்டைச் சந்தியில் ஓட்டோவைத் திருப்பியபோது, பாதையோரத்தில் வரிசைகட்டி நின்ற மிதிவெடிப் பலகைகளையும் அவற்றிலிருந்த மண்டையோடுகளையும் பார்த்து, அன்றைய பங்கில் அரைவாசியைப் பயந்து முடித்திருந்தான்.

மிச்ச அரைவாசிக்கு யசோதாவின் கைகள் காரணமாயின.

தகரக் கொட்டிலுக்குள்ளிருந்து அவள் தேநீர்க் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வந்தாள். விரல்கள் எதிலும் படாமல் விறைத்து நின்றன. விரல்கள் கையோடு சேரும் இடமெல்லாம் வீங்கி, வலக்கையும் இடக்கையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. வயது முப்பத்திரண்டுதான். இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து புருசனோடு திரும்பி வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

"குடியுங்கோ அக்கா. காலையில இந்தக் கை எனக்குச் சொந்தமில்லை. ரொம்ப வெயில் ஏறினாப் பிறகுதான் திரும்பி வரும்."

கோப்பையை வாங்கிய மங்கையற்கரசி உடனே குடிக்கவில்லை. எதையும் உடனே செய்கிற ஆளும் அல்ல. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக, முழங்கால் போச்சு, முதுகு போச்சு என்று நட்டஈடு கேட்டு விண்ணப்பித்தவர்களின் முழங்கால்களையும் முதுகுகளையும் வேவு பார்த்தே தலை நரைத்தவள். சண்டை முடிந்த கையோடு மன்னாருக்குத் திரும்பி, ஒரு சைக்கிள் கடை மாடியில் 'துப்பறிவாளர்' என்று பலகை மாட்டியிருந்தாள். பலகையில் 'உதவியாளர்' என்று ஒரு வரி எழுதும்படி இன்சாப் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பலகையில் இடமில்லை என்று அவளும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

"விசயத்தைச் சொல்லும் பிள்ளை."

"தடி நகர்ந்திருக்கு அக்கா."

வெடி அகற்றுகிறவர்கள் ஊன்றிய, தலையில் சிவப்புச் சாயம் பூசிய தடிகள் அவை. தடிக்குத் தடி மஞ்சள் நாடா கட்டியிருக்கும். நாடாவுக்கு இந்தப் பக்கம் நடக்கலாம். அந்தப் பக்கம் நடந்தால், நடப்பது அதுதான் கடைசி. போன கிழமை மழை பெய்ததற்கு மறுநாள், முதல்நாள் பின்னேரம் தன் கொட்டிலுக்குக் கிட்ட நின்ற தடிகள் விடியும்போது தூரப் போயிருந்ததை யசோதா கண்டாள். வெடி அகற்றும் ஆட்கள் அந்தக் கிழமை நறுவிலிக்குளத்துப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆகவே அவள் மீள்குடியேற்ற அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அமிர்தநாயகத்திடம் ஓடினாள்.

"அவர் என்ன சொன்னவர்?"

"எனக்குக் கையில இருக்கிற வாதம் மூளைக்கும் ஏறிட்டுதாம். பிறகு, நானே தடியைப் பிடுங்கி நட்டுப்போட்டு நாடகம் ஆடுறனாம். பிறகு, பக்கத்து வயல் பரமநாதன் ஐயாதான் காணி பிடிக்க வரம்பு அரக்கியிருப்பாராம். மூண்டையும் ஒரே மூச்சில சொன்னவர்."

"தலைவர் எண்டால் சும்மாவே," என்றான் இன்சாப். "எங்களுக்கெல்லாம் ஒரு பொய்க்கே மூச்சு வாங்குது."

யசோதா திரும்பிக் குளக்கட்டுப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஒலிபெருக்கி நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கியிருந்தது.

"இண்டைக்கு ஏர்பூட்டு விழா அக்கா. இருபது வருசத்துக்குப் பிறகு முதல் உழவு. கொழும்பில இருந்து விருந்தாளிகள் வருகினம். தலைவற்ற உழவு மெசினை ஓட்டப்போறது எங்கட இவர். பஞ்சாங்கப்படி முதல் சால் ஈசான மூலையில விழவேணுமாம். வயலின்ர வடகிழக்கு மூலை. தடி நகர்ந்தது அங்கதான்." குரல் அவளுடைய விரல்களைப்போலவே விறைத்தது. "சொன்னாக் கேக்கேல்லை. இவ்வளவு பேருக்குள்ள தலைவர் என்னைத்தானே பிடிச்சவர் எண்டு, புது வேட்டியோட போயிட்டார்."

மங்கையற்கரசி கோப்பையை வைத்துவிட்டுத் தன் சேலைத் தலைப்பை நீட்டினாள். "இதில ஒரு முடிச்சுப் போடும்."

யசோதா முயன்றாள். முகம் கோணியது. தலைப்பு நழுவி விழுந்தது.

"எவ்வளவு நேரம் இந்த விறைப்பு?"

"சமைச்சு முடிக்கிற மட்டும். ரெண்டு கையும். சில நாள் பாதமும். எழும்பேக்கயே நாள் முழுக்கக் கல்லு சுமந்த மாதிரி அலுப்பு."

"எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கப்படாது, பிள்ளை. இது முடக்குவாதம். உடம்பு தன்ர மூட்டைத் தானே எதிரி எண்டு நினைச்சு அடிக்கிறது. இளம் பொம்பிளையளைத்தான் கூடப் பிடிக்கும். விட்டால் விரல் கோணிப்போகும். வேளைக்கு மருந்து தொடங்கினால் கை தப்பும்."

அந்த நேரம் படலையடியில் பரமநாதன் வந்தார். பக்கத்து வயல்காரர். அறுபத்தைந்து இருக்கும். வலது முழங்கால் வெளிப்பக்கமாக வளைந்து, நடை பக்கவாட்டில் ஆடியது.

"விழாவுக்கோ ஐயா?" என்றாள் மங்கையற்கரசி. "முழங்கால் எப்பிடி?"

"காலமை எழும்பினவுடன கொஞ்சம் பிடிக்கும். நாலு எட்டு வைச்சால் விட்டுடும். பின்னேரம் நடந்து களைச்சாப் பிறகுதான் நறநறவெண்டு கச்சேரி வைக்கும்," என்றவர் ஆடி ஆடிப் போனார்.

"அவருக்கும் வாதம், இவவுக்கும் வாதம்," என்றான் இன்சாப். "எல்லாம் ஒண்டுதானே?"

"வாதம் எண்டது ஒரு பேரே இல்லை. 'ஒருத்தன் வந்தான்' எண்டு சொல்லுற மாதிரி. எந்த ஒருத்தன் எண்டு கேக்கவேணும். அவருக்கு எலும்பின்ர முனை தேய்ஞ்சுபோச்சு. பாவிக்கப் பாவிக்க நோகும், ஆறினால் குறையும். இவவுக்கு ஆறினால்தான் கூடும். வாரும், தடியைப் பாப்பம்."

"நான் இஞ்ச நிண்டு ஓட்டோவைப் பாக்கிறன் அக்கா. மாடு ஏதும் முட்டிப்போட்டால்?"

"மாட்டுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு இருக்கும். வாரும்."

வயல் என்று அதை அழைத்தால் நெல்லுக்குக் கோபம் வரும். இருபது வருடம் ஏர் படாத களிமண்ணில் எருக்கலையும் நெருஞ்சியும் குடியேறியிருந்தன. அவற்றை மீள்குடியேற்ற எந்தச் சங்கமும் தேவைப்படவில்லை. மழைக்குக் குழைந்த மண் பிறகு அடித்த வெயிலில் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. அதன் நடுவே மஞ்சள் நாடா காற்றில் படபடத்தது.

"பயத்தில அவவுக்குத் தூரமாத் தெரிஞ்சிருக்கும். பழைய தடியின்ர குழி நாடாவுக்குக் கிட்டத்தான் கிடக்கும்," என்று மங்கையற்கரசி நிலத்தைப் பார்த்தபடி நாடாவை நோக்கி நடந்தாள். "வரம்பு அரக்கிற கள்ளர் ஒரு முழத்துக்கு மேல போகமாட்டினம். போனால் அடுத்த வயல்காரன்ர கண்ணில படும்."

இன்சாப் அவளுக்குப் பின்னால், அவளுடைய நிழலில்கூட மிதிக்காமல் வந்தான். நாடாவுக்குக் கிட்ட வந்தபோது நெருஞ்சி முள் ஒன்று அவன் ரப்பர் செருப்பைத் துளைத்தது. ஒற்றைக்காலில் நின்று முள்ளைப் பிடுங்கியவன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். காலைக் கீழே வைக்க மறந்துபோனான்.

"அக்கா... நீங்கள் தேடுற குழி எப்பிடி இருக்கும்?"

"தடி நிண்ட அளவில சின்னக் குழி. நாடாத் துண்டு ஏதும் கிடக்கும்."

"மஞ்சள் துண்டோட ஒரு குழி கிடக்குது."

"எங்க?"

"எங்களுக்குப் பின்னால. நல்லாப் பின்னால."

மங்கையற்கரசி அசையவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பினாள். குழி உண்மையாகவே நல்லாப் பின்னால் கிடந்தது. அதற்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு ஓட்டோவைத் திருப்பி எடுக்கலாம், எடுக்கிற பைத்தியக்காரன் இருந்தால்.

"என்ர பிழை," என்றாள். "இவன் வரம்புக் கள்ளன் இல்லை."

இன்சாப்புக்குத் தெரிந்தவரையில் அவள் அந்த இரண்டு சொற்களை முன்பு சொன்னதில்லை. அவளுடைய மேலுதட்டில் வியர்வை துளிர்த்து நின்றது. அதை அவள் துடைக்கக்கூட இல்லை.

கலிமாவைத் தொடங்கினான். அவனுடைய பதினொரு வயதில் குடும்பத்தோடு விடத்தல்தீவை விட்டு வெளிக்கிட்டு, புத்தளத்தில் இருபது வருடம் கிடந்து, சொந்த மண்ணில் ஒருநாள் கால் வைக்கவேணும் மகன் என்று சொல்லிச் சொல்லியே வாப்பா மவுத்தாகிப் போனார். இப்படி ஒரு காலை வாப்பா நினைத்திருக்கமாட்டார்.

"வந்த வழியே போவமே அக்கா?"

"எது வந்த வழி?"

இறுகிய களியில் அவர்களுடைய செருப்பு ஒரு கீறல்கூட விடவில்லை. கைத்தொலைபேசி ஓட்டோவில் கிடந்தது. கத்திப் பார்த்தான். நாதஸ்வரம் அவனுடைய குரலை விழுங்கி, ஏப்பமும் விட்டது.

"உம்மட இடப்பக்கம், ஒரு எட்டுத் தூரம்," என்றாள் மங்கையற்கரசி. "என்ன தெரியுது?"

"மாட்டுக் குளம்பு."

"மாட்டுக்கு அஞ்சு விரல் இருக்கோ?"

அவன் உற்றுப் பார்த்தான். மழை நாளில் பதிந்து, வெயிலில் சுட்டெடுத்த மனிதத் தடங்கள். செருப்பில்லாத கால். இடக்கால் முழுப் பாதமும் ஐந்து விரலுமாக அழகாகப் பதிந்திருந்தது. வலக்காலில் குதி மட்டும். ஆழமான, வட்டமான, தேங்காய்ச் சிரட்டை அளவு குழி. பக்கத்தில் ஒரு கைத்தடியூன்றிய துளை. பிறகு இடக்கால் முழுசாக. பிறகு மறுபடியும் குதி. தடங்கள் புதுத் தடிவரை வந்து, திரும்பி, பழைய குழியையும் தாண்டிக் குளக்கட்டுவரை போயின.

"தடி அரக்கினவன்ர கால். வந்திருக்கிறான், திரும்பியும் போயிருக்கிறான். அவன் மிதிச்ச இடம் வெடிக்கேல்லை. செருப்பைக் கழட்டும். இடக்கால் முழுசா, வலக்கால் குதி மட்டும். அவன்ர பெருவிரல் படாத இடத்தில உம்மட பெருவிரலும் படப்படாது."

"குதி வைச்ச இடம் சரியெண்டால் விரலையும் ஊண்டினால் என்ன அக்கா? ரெண்டு அங்குலம்தானே?"

"ரெண்டு அங்குலத்துக்கு அவன் உத்தரவாதம் தரேல்லை."

அவள் சேலையைத் தூக்கிச் செருகி, முதல் தடத்துக்கு எட்டி வைத்தாள். இன்சாப் கண்ணை மூடினான். சத்தம் ஏதும் வராததால் திறந்தான். பிறகு அவனும் எட்டி வைத்தான். வலது பெருவிரலை வானத்தைப் பார்க்க நிமிர்த்திக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, நனைந்த கொக்குப்போல இருவரும் நடந்தார்கள். வேறொரு நாளில், வேறொருவர் நடந்திருந்தால், இன்சாப் அதை வைத்து ஒரு வருடம் சிரித்திருப்பான்.

"கதையும்," என்றாள் முன்னால் போனவள். "பேசாமல் வந்தால் உமக்குக் கால் நடுங்கும். ஆற்ற தடம் இது?"

"பரமநாதன் ஐயா. அவர்தானே வலக்கால் சரியில்லாதவர்."

"அவருக்கு முழங்கால். முழங்கால் தேய்ஞ்சவன் எட்டைக் குறைப்பான், ஆடுவான். பாதத்தை முழுசாத்தான் வைப்பான். விரலைத் தூக்கிறதுக்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை."

"அப்ப... யசோதா?"

"அவவுக்கு எதெண்டாலும் சோடியாத்தான் வரும். ரெண்டு கை, ரெண்டு பாதம். அவவெண்டால் ரெண்டு தடமும் ஒரே மாதிரி இருக்கும். விடியக்காலமை நாடாவை முடியவும் ஏலாது."

இடக்கால். குதி. இன்சாப் அடுத்த தடத்துக்கு எட்டி வைத்தான். "அப்ப இது ஆர்?"

"ஒரே ஒரு மூட்டு நோகிற ஆள். வலக்கால் பெருவிரலின்ர அடி. இரவு படுக்கேக்க ஒண்டும் இருக்காது. விடியிறதுக்குள்ள சிவந்து, மினுங்கி, நெருப்பு வைச்ச மாதிரி எரியும். போர்வை பட்டாலும் கத்துவான். கவுட் எண்டுறது. இரத்தத்தில யூரிக் அமிலம் கூடி, மூட்டுக்குள்ள ஊசி ஊசியாப் படியிறது. ஆம்பிளையளுக்குத்தான் கூட. ஒரு கிழமை, மிஞ்சினால் ரெண்டு. பிறகு ஒண்டுமே நடக்காத மாதிரித் திரிவான்."

"அப்ப இப்ப நொண்டுற ஆளைத் தேடிப் பிரயோசனமில்லை."

"ஓம். அண்டைக்கு நொண்டி, இண்டைக்கு நொண்டாத ஆள்."

"உது எப்பிடி வாறது? சாப்பாட்டாலயோ?"

"வருசக்கணக்காச் சேருறது. சாப்பாடு மட்டும் காரணமில்லை. ஆனா நண்டும் ஈரலும் பியரும் எண்டு ஒரு பெரிய விருந்து, அது நெருப்புக்குச்சி கிழிச்ச மாதிரி."

இன்சாப் வலது பெருவிரலை அந்தரத்தில் வைத்தபடி நின்றுவிட்டான்.

"நண்டு!" என்றான். "அக்கா, விடத்தல்தீவில இருந்து நண்டு ஏத்திக்கொண்டு வந்ததே நான்தான். மழைக்கு முதல்நாள். கொழும்பு ஆக்கள் இடம் பாக்க வந்தவை, தலைவர் வீட்டில விருந்து. அடுத்த நாள் காலமை துவக்கம் அவர் சப்பாத்துப் போடேல்லை. மக்கள் எல்லாரும் குடியேறுற வரைக்கும் வெறுங்கால்தான், கேதீச்சரத்தானுக்கு நேர்த்தி எண்டு தடியூண்டித் திரிஞ்சவர். ஊரே கண்கலங்கினது. ஒரு ரீச்சர் கவிதை கூட எழுதினவ."

"இப்ப?"

"முந்தநாள் சப்பாத்துப் போட்டிட்டார். நேர்த்தி நிறைவேறிட்டுதாம்."

"பெருவிரல் நிறைவேத்தி வைச்சிருக்குது."

"ஆனா ஏன் அக்கா? அவருக்கு இஞ்ச காணி இல்லையே?"

"காணிக்கில்லை. நாள் குறிச்சாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு, கொழும்புக்கும் சொல்லியாச்சு. பஞ்சாங்கம் ஈசான மூலை எண்டு சொல்லுது. ஈசான மூலை இன்னும் துப்புரவாக்கேல்லை. விழாவைத் தள்ளிப்போட்டால் தலைவற்ற மரியாதை என்ன ஆகிறது? ஆகவே தடியை அரக்கி, மூலையை..."

அவள் முடிக்கவில்லை. நாதஸ்வரம் நின்றது. அந்த அமைதியில், குளக்கட்டுப் பக்கம், விழாப் பந்தலடியில், உழவு இயந்திரம் ஒன்று இருமிவிட்டு உறுமத் தொடங்கியது.

இன்சாப் அதுவரை அறிந்த பயங்கள் எல்லாம் அவனைப் பற்றியவை. இது வேறு. புது வேட்டியோடு போனவனின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் அந்த உறுமல் தன் விலாவுக்குள் ஓடுவதுபோல் இருந்தது. ஓடவேண்டும். ஓடமுடியாது. இடக்கால். குதி. இடக்கால். குதி. பழைய குழியைத் தாண்டியும் அவன் விரலை இறக்கவில்லை. குளக்கட்டில் ஏறிய பிறகுதான் இருவரும் ஓடினார்கள்.

விழாப் பந்தலில் எல்லாம் இருந்தன. குத்துவிளக்கு, நிறைகுடம், விருந்தாளிகளுக்குத் துணி போர்த்த பிளாஸ்டிக் கதிரைகள், தலைவருக்கு மட்டும் மெத்தை வைத்த கதிரை. மாலை போட்ட உழவு இயந்திரத்தின் மேல் யசோதாவின் புருசன் துஷாந்தன் வியர்த்துக்கொண்டு இருந்தான். முன்சில்லுக்கு முன்னால், மண்ணில், கொட்டிலிலிருந்து நேரே ஓடிவந்த யசோதா சம்மணம் கட்டி இருந்தாள்.

"எழும்பு யசோதா! மானத்தை வாங்காத!"

"மானம் போனாத் திரும்பி வரும். நீங்கள் வரமாட்டீங்கள்."

அமிர்தநாயகம் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சலவை வெள்ளை, கறுத்த சப்பாத்து, சந்தனப் பொட்டு. "அன்பார்ந்த பெருங்குடி மக்களே! ஒரு பெண்ணின் மூட்டுக் கோளாறு ஒரு சமூகத்தின் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டையாக இருக்க அனுமதிக்க முடியுமா? சுபநேரம் கழிந்துகொண்டிருக்கிறது! அவரைக் கண்ணியமாக அப்புறப்படுத்துங்கள்!"

கண்ணியமாக இரண்டு பெண்கள் போய் அவளுடைய கைகளைப் பிடித்துத் தூக்கினார்கள். யசோதா அலறிய அலறலில் தொட்டவர்கள் தாங்களே சுட்டுக்கொண்டதுபோல் கையை விட்டார்கள். ஆனால் கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. நேரம் போகுது, நேரம் போகுது என்று நாலு பக்கமும் கேட்டது. இளைஞர்கள் சிலர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அடுத்த முறை அவள் அலறினாலும் விடமாட்டார்கள் என்பது இன்சாப்புக்கு விளங்கியது.

"தலைவர் ஐயா!" மங்கையற்கரசி மூச்சு வாங்கியபடி முன்னால் வந்தாள். குரல் மட்டும் ஆறுதலாக இருந்தது. "ஒரு சின்ன விசயம். ஏர்பூட்டு வயலுக்குள்ள சப்பாத்தோடயோ நிக்கிறியள்?"

கூட்டம் குனிந்து பார்த்தது. எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள். தலைவரின் சப்பாத்து மட்டும் மினுங்கியது.

"அதுதானே!" என்றார் பரமநாதன். "நானும் அப்ப துவக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறன். நாளேர் பூட்டுற அண்டைக்கு மண்ணில சப்பாத்தோட நிண்டால் விளைச்சல் அழியும். கழட்டுங்கோ தலைவர்."

"நேரம்..." என்று தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கழட்டுறதுக்கு எவ்வளவு நேரம்?" என்றது ஒரு குரல். கொழும்பு விருந்தாளிகளில் மூத்தவர், உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்கவேண்டும் என்று எங்கோ பயிற்சி பெற்றவர்போலும், உடனே குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். மற்ற விருந்தாளிகளும் குனிந்தார்கள். இனித் தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை; அவரும் கழற்றினார்.

இடக்கால் சாதாரணக் கால். வலக்கால் பெருவிரலின் அடியில், வெங்காயத் தோல் உரிவதுபோல் தோல் உரிந்து தொங்கியது.

"கவுட் தணிஞ்சு போகேக்க அந்த இடத்துத் தோல் உரியும், ஐயா. நேர்த்தி நிறைவேறினால் உரியும் எண்டு நான் கேள்விப்படேல்லை."

"இது என்ர சொந்த வருத்தம்!" தலைவரின் மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது. "இதுக்கும் தடிக்கும் என்ன சம்பந்தம்?"

"வருத்தம் உங்கட சொந்தம்தான். தடம் பொதுச்சொத்து. ஈசான மூலையில இடக்கால் முழுசாவும் வலக்கால் குதி மட்டுமாவும் ஒரு ஆள் வெறுங்காலோட வந்து, தடிகளைப் பிடுங்கித் தூர நட்டுப்போட்டுப் போயிருக்கிறார். மழை நாள் தடம், இறுகிக் கிடக்குது. வாங்கோ, உங்கட காலை வைச்சுப் பாப்பம்."

"நான் ஏன் அங்க வாறது?"

"ஏன் ஐயா, பயமோ? அங்கதானே துஷாந்தன் மெசினை விடப்போறார்."

துஷாந்தன் தலைவரைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் நடந்தனான்தானே!" என்று அமிர்தநாயகம் வெடித்தார். "போகவும் வரவும் நடந்தனான்! ஒண்டும் வெடிக்கேல்லையே! அங்க ஏதும் இருந்திருந்தால் நான் இண்டைக்கு இருப்பனோ?"

ஒலிவாங்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவருடைய வாழ்நாளில் அவர் பேசியவற்றில் மிகத் தெளிவாக ஊருக்குக் கேட்ட பேச்சு அதுதான்.

துஷாந்தன் சாவியைத் திருப்பினான். இயந்திரம் ஒரு குலுக்குக் குலுக்கி ஓய்ந்தது. இறங்கி வந்து, பெண்சாதிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே குந்தினான். அவளுடைய கையைப் பிடிக்கப் போனவன், அந்த அலறல் நினைவு வந்ததுபோல் நிறுத்தி, தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவளுடைய கைகளுக்கு அடியில் விரித்து வைத்தான்.

"நாளைக்குக் காலமை இவவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேணும்," என்றாள் மங்கையற்கரசி. "இன்சாப் வருவார்."

மத்தியானம் நறுவிலிக்குளத்திலிருந்து வெடி அகற்றும் ஆட்கள் வந்தார்கள். ஊர் முழுவதும் குளக்கட்டில் நின்று பார்த்தது. தலைவரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள், பரமநாதனும் இன்னும் சிலரும், மிகக் கண்ணியமாக. தலைக்கவசம் போட்டவர் குதிக்கால் தடங்களின் வழியே அங்குலம் அங்குலமாகக் கருவியை நகர்த்தினார். பழைய குழிக்கும் புதுத் தடிக்கும் நடுவில் கருவி கீச்சிட்டது. அவர் ஒரு கையை உயர்த்தினார். பிறகு குப்புறப் படுத்து, தூரிகையால் மண்ணைத் தட்டத் தொடங்கினார்.

பால்மா டின் மூடியளவு மிதிவெடி, பச்சை நிறம். ஒரு வலக்குதித் தடத்துக்குச் சரியாக முன்னால். அந்தக் கால் ஒழுங்கான காலாக இருந்திருந்தால் விரல்கள் எங்கே ஊன்றியிருக்குமோ, அங்கே.

ஊர் திரும்பித் தலைவரின் பெருவிரலைப் பார்த்தது. தலைவரும் பார்த்தார். நண்டும் ஈரலும் பியரும் சேர்ந்து தன்னைக் காப்பாற்றியிருக்கின்றன என்பதை ஒரு கூட்டத்தில் எப்படி எடுத்துச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. குளக்கட்டிலேயே குந்திவிட்டார்.

'ரெண்டு அங்குலம்தானே' என்று காலையில் கேட்ட இன்சாப் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு அங்குலம் எவ்வளவு என்று அளந்து பார்த்தான். மங்கையற்கரசி அவனைத் தோளில் தட்டி, ஓட்டோ நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். பாதி வழியில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்சாப், இது தார் ரோட்டு. வலக்காலை முழுசா வையும்."

அவன் குனிந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தன் பெருவிரலைப் பார்த்தான்.

"நாளைக்கு வைக்கிறன் அக்கா," என்றான்.